48 கிலோவுக்குள் எத்தனை பேர்? தெரியுமா?

சென்னை யானைக்கவுனியில் காலை எட்டு மணிக்கு, வால்டாக்ஸ் ரோட்டு ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். லாரியின் பின்பலகையைத் திறந்து மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள். தலையில் சும்மாடு, கையில் கொக்கி. சர்க்கரை மூட்டையோ சிமென்ட் மூட்டையோ, கணக்கு ஒன்றுதான்: 50 கிலோ. ஒரு முதுகு அதை அப்படியே வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடும்.

அந்த மூட்டையைவிட 2 கிலோ குறைவான எடைப்பிரிவில் ஒரு சென்னைப் பெண் குத்துச்சண்டை மேடை ஏறினார். அவர் கதையைச் சொல்ல நார்வேயிலிருந்து இரண்டு பெண்கள் கேமராவோடு வந்தார்கள். அவரோடு அலைந்தார்கள், முழுநீள ஆவணப்படம் எடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் உலகப் புகழ்பெற்ற ஆவணப்பட விழாவுக்கு அந்தப் படம் போனது, பரிசும் வாங்கியது. தெரியுமா?

படத்தின் பெயர் ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’. வெளியான ஆண்டு 2013. இயக்கியவர்கள் பெயாத்தே ஹோஃப்செத், சூசான் ஓஸ்திகார். வாங்கிய பரிசு ஆக்ஸ்ஃபாம் உலக நீதி விருது. அந்த வீராங்கனை துளசி. பத்திரிகைகள் துளசி ஹெலன் என்றும் எழுதும்.

தலைப்பே ஒரு அதிசயம். ‘லைட் ஃப்ளை’ என்பது குத்துச்சண்டையில் 48 கிலோ எடைப்பிரிவு. ஃப்ளை என்றால் ஈ. பறப்பதும் ஃப்ளைதான். ஈ அளவு எடை கொண்டவளே, உயரப் பற என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது அந்தப் பெயர். அந்த 48-ஐத் தாண்டாமல் இருக்க ஒரு குத்துச்சண்டை வீரர் படும் பாட்டைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எடை பார்க்கும் நாளுக்கு முன்பு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீரை மடக்கு மடக்காக எண்ணிக் குடிப்பார்கள். தராசில் ஏறும்போது காதில் கிடக்கும் தோட்டைக்கூடக் கழற்றி வைப்பார்கள்.

இன்னொன்று தெரியுமா? ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையை முதன்முதலாகச் சேர்த்தது 2012-ல்தான், லண்டனில். அப்போது மொத்தம் மூன்றே எடைப்பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. 48 கிலோவுக்கு இடமே இல்லை! ஐந்து முறை உலக சாம்பியனான மேரி கோம் 51 கிலோவுக்கு ஏறித்தான் அந்த வெண்கலத்தை வாங்கினார். இவ்வளவு பெரிய கதவு திறந்தபோதும், துளசி நின்ற இடத்துக்கு நேராக அதில் சந்து இல்லை. உடம்பின் எடையும் ஒருவரை வெளியே நிறுத்தும் என்று இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

துளசியை வெளியே நிறுத்தியது எடை மட்டுமா? தலித் குடும்பம், கையில் காசு இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அதற்குத் தலையை நீட்டாமல் வீட்டை விட்டுக் கிளம்பியவர். குத்துச்சண்டையில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்பது அவர் பிடித்துக்கொண்ட கயிறு. வடசென்னையில் விளையாட வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் மனதில் ஓடுவது இதுதான். மெடல் அப்புறம், முதலில் ஒரு ரயில்வே வேலை, ஒரு போலீஸ் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அந்தக் கயிற்றின் மறுமுனை சங்க நிர்வாகிகள் கையில் இருக்கிறது. 2011-ல் துளசி சங்க நிர்வாகி ஒருவர்மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். அந்த நிர்வாகி கைதானார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: தன்னை அணிக்குத் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் மீதே புகார். மேடையில் எதிராளியின் குத்தைத் தாங்குவதைவிட இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இப்படி ஒருவரைப் படம் எடுக்கும்போது கேமரா யாரைக் காட்டுகிறது, யாரை விடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. தனி ஆள் விளையாட்டு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தனி ஆள் என்று ஒருவர் உண்மையிலேயே உண்டா?

துளசி ஆடிய காலத்தில் பெண்களுக்கான போட்டி நான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். மொத்தம் எட்டே நிமிடம்! ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம். சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம் இடைவேளை. அந்த அறுபது நொடியில் என்னென்ன நடக்கும் தெரியுமா? மூலையில் ஸ்டூல் வந்துவிழும். ஒருவர் வாயிலிருந்து பல்காப்பை எடுத்துத் தண்ணீர் விட்டு அலசுவார். இன்னொருவர் துண்டை விசிறுவார். காதோரம் வாயை வைத்து, “இடதை இறக்காத, இறக்காத” என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மணி அடித்ததும் ஸ்டூல் மறைந்துவிடும், அவர்களும் கயிற்றுக்கு வெளியே போய்விடுவார்கள். டிவியில் தெரிவது தனியாக நிற்கும் ஒரு பெண். வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் அந்தக் கையை யார் காட்டுகிறார்கள்?

உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஒரு தனி ஆள் ஆவணப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃப்ரீ சோலோ’, 2018. அலெக்ஸ் ஹோனால்ட் என்ற அமெரிக்கர், எல் கேப்பிட்டன் என்ற ஏறக்குறைய 3,000 அடி செங்குத்துப் பாறையில் கயிறே இல்லாமல் ஏறினார். நாள் 2017 ஜூன் 3. நேரம் 3 மணி 56 நிமிடம். இதைவிடத் தனிமை இருக்க முடியுமா என்று தோன்றும். ஆனால் அவரைச் சுற்றிப் பாறையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? படப்பிடிப்புக் குழு! அவர்களும் மலையேறிகள்தான். பாறையின் மிகக் கடினமான இடத்தில் ஆள் யாரும் நிற்கவில்லை. கேமராவை மட்டும் பொருத்திவிட்டுத் தூரத்திலிருந்தே இயக்கினார்கள், தங்கள் இருப்பே அவர் கவனத்தைக் கலைத்து உயிரைப் பறித்துவிடக் கூடாது என்று. கீழே தரையில் நின்ற ஒளிப்பதிவாளர் ஒருவர், பார்க்கத் தாங்காமல் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டதும் படத்திலேயே இருக்கிறது. எடுத்தவர்கள் எலிசபெத் சாய் வாசர்ஹெலி, ஜிம்மி சின் என்ற தம்பதி. சீனாவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை ஜிம்மி. எலிசபெத் ஹங்கேரிய வேரும் சீன வேரும் கலந்தவர். 2019-ல் ஆஸ்கர் மேடை ஏறியபோது, வெள்ளைக்காரத் தனி வீரன் ஒருவனின் கதைக்குப் பின்னால் நின்ற முகங்களில் ஆசிய முகங்களும் இருந்தன.

இன்னும் பின்னால் போவோம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கைப் படமாக்கினார் கோன் இச்சிகாவா. படம் 1965-ல் வந்தது. ஜப்பானின் பெருமையைக் காட்ட வேண்டிய படம். அதில் கொஞ்ச நேரம் எல்லா ஆரவாரத்தையும் ஒதுக்கிவிட்டு, கேமரா ஒரே ஒரு இளைஞனின் பின்னால் போகிறது. பெயர் அகமது இசா, ஊர் ஆப்பிரிக்காவின் சாட் நாடு. அந்த நாடு சுதந்திரம் அடைந்ததே 1960-ல். அவர் வயதைவிட அவர் நாட்டின் வயது குறைவு! 800 மீட்டர் ஓட வந்தவர். சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார், தனியாக நடக்கிறார். அரையிறுதியோடு அவர் ஓட்டம் முடிந்துவிட்டது. பதக்கம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, தோற்றுப்போன ஒருவருக்கு அத்தனை நேரம் கொடுக்க மனசு வந்ததே, அதைத்தான் நான் பிரதிநிதித்துவம் என்பேன். எண்ணிக்கைக்காக ஒரு முகத்தை ஓரத்தில் சேர்ப்பதல்ல அது. அவர் சாப்பிடும் வேகத்தில் கேமராவும் பொறுத்திருப்பது.

சரி, நம்ம யானைக்கவுனிக்கே வருவோம். கவுனி என்றால் வாசல். 18-ம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் மதில் எழுப்பினார்கள், அதன் வாசல்களில் ஒன்று இது. மதிலுக்கான செலவை உள்ளே குடியிருந்தவர்களிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள். அந்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! மதிலின் மிச்சம் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிறது. மதில் விழுந்தது, வாசல் போனது, ஆனால் வாசலின் பெயர் மட்டும் இன்னும் பஸ் கண்டக்டர் வாயில் இருக்கிறது. மின்ட் தெருவில் நூறு அடி நடந்தால் தமிழ், தெலுங்கு, உருது, குஜராத்தி, மார்வாடி என்று காதில் விழும். இத்தனை பேரும் ஒரு வாசல் வழியாகப் போய் வந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் விளையாட்டு மட்டும் ஒரே நிறமாக இருந்திருக்குமா?

வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சார்பட்டா பரம்பரை. இடியப்ப நாயக்கர் பரம்பரை. எல்லப்ப செட்டியார் பரம்பரை. கறியார பாபு பாய் பரம்பரை. நாயக்கர், செட்டியார், பாய்! பெயர்ப்பட்டியலே ஒரு தெருவைப் போல இல்லையா? மேடை ஏறியவர்களில் மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், தலித் இளைஞர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் எல்லோரும் உண்டு. கித்தேரி முத்து ஆங்கிலோ இந்திய வீரர் டெர்ரியை வீழ்த்திய கதையை இன்றைக்கும் ராயபுரத்துப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று நோட்டீஸ் அடிப்பார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்துக்கு ‘ரோசம்’ என்ற நம் சொல்லை முன்னால் ஒட்டிவிட்டார்கள். ஆட்டமும் நம்முடையதாகிவிட்டது.

உலகத்தின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் இங்கிருந்து நடக்கிற தூரத்தில் கையுறை மாட்டியிருக்கிறார், தெரியுமா? 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். ராக்கி பிராஸ் என்ற சென்னைக் குத்துச்சண்டை வீரரும் அலியோடு மேடை ஏறினார். அலி சென்னைக்கு வந்த கதையை எல்லோரும் சொல்கிறோம். ராக்கி பிராஸின் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்? கேமராக்கள் அலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதிரே நின்ற சென்னைக்காரர் பாதி சட்டகத்துக்கு வெளியே.

கதைப்படங்கள் இந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பின. 2016-ல் சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ வந்தது. வடசென்னை மீனவக் குப்பம், மீன் விற்கும் பெண் மதி, குத்துச்சண்டை. நடித்தவர் ரித்திகா சிங், நிஜத்திலும் சண்டைப் போட்டி வீராங்கனை. தேசிய விருது விழாவில் சிறப்புக் குறிப்பு பெற்றார். உண்மையான குத்து உண்மையான கையிலிருந்து வந்தது, அதற்காக அந்தப் படத்தைக் கொண்டாட வேண்டும். ஆனால் அவர் மும்பைக்காரர். மதியின் அம்மா வடக்கத்திப் பெண் என்று கதையில் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. குப்பத்திலேயே பிறந்து, அந்த உப்புக் காற்றில் கறுத்த ஒரு முகத்துக்கு அந்த இடம் எப்போது கிடைக்கும் என்று அப்போதே மனசு கேட்டது.

மணிப்பூரிலும் இதே கேள்வி எழுந்தது. 2014-ல் வந்த ‘மேரி கோம்’ இந்திப் படத்தில் மேரி கோமாக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. வடகிழக்கிலிருந்து ஒருவரும் கிடைக்கவில்லையா என்று நாடே பேசியது. மணிப்பூரில் இந்திப் படங்களுக்கு 2000 முதல் தீவிரவாத அமைப்பு ஒன்று தடை போட்டிருந்ததால், மேரி கோமின் சொந்த மாநிலத் தியேட்டர்களிலேயே அந்தப் படம் ஓடவில்லை, தெரியுமா?

அந்தச் சமயத்தில் இன்னொரு மூலையில் சத்தமில்லாமல் ஒரு ஆவணப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. ‘வித் திஸ் ரிங்’. கனடாவைச் சேர்ந்த அமீஷா ஜோஷி, அன்னா சார்க்கிசியன் என்ற இருவர் 2006 முதல் இந்தியப் பெண் குத்துச்சண்டை வீராங்கனைகளின் பின்னால் ஆண்டுக்கணக்கில் சுற்றினார்கள். மேரி கோம், சரிதா தேவி, சோட்டோ லோரா மூவரும் அவரவர் முகத்தோடு, அவரவர் குரலில் வந்தார்கள். படம் முடிய 2016 ஆனது. நார்வே வந்தது, கனடா வந்தது. சென்ட்ரலிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருப்பதைப் படமெடுக்க நாம் வந்தோமா?

2021-ல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது வடசென்னையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எழுபதுகளின் மேடை, தோல் கையுறையின் சத்தம், பரம்பரை மானம். ஆங்கிலோ இந்தியர் கெவின், டான்சிங் ரோஸ் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் உடம்பும் பெயரும் கிடைத்தன. நான் மனம் நிறைந்து பார்த்த படம். அந்த மேடையில் பெண் ஏறவில்லை, அது அந்தக் காலத்தின் கதை. அதனால்தான் துளசியின் ஆவணப்படத்தை அதற்கு அடுத்த பாகம்போலப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதே ஊரின் அதே ஆட்டம். கயிற்றைத் தாண்டி உள்ளே வருபவர் ஒரு பெண். பேசுவதும் நாம் பேசும் தமிழ். வெளிநாட்டுக்காரர் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அது தேவையில்லை. ‘இன்னா’ என்ற ஒரு சொல்லில் எத்தனை விதம் உண்டு! அதட்டல், கொஞ்சல், சலிப்பு, சவால். எந்த மொழியின் சப்டைட்டில் அதைப் பிடிக்கும்?

தனிமையின் உச்சம் பார்க்க வேண்டுமா? கடலுக்கு வாருங்கள். சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் 1994-ல், ஒரே ஆண்டில் ஆறு நீர்ச்சந்திகளை நீந்திக் கடந்தான். அப்போது வயது பதின்மூன்றுக்குள்! 1966-ல் மிகிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து கடந்த சாதனையை இந்தச் சிறுவன் தாண்டினான். ஆங்கிலக் கால்வாய் நீச்சலின் விதி என்ன தெரியுமா? கூடவே படகு வரும். அதில் வழிகாட்டியும், விதி மீறாமல் பார்க்கும் கண்காணிப்பாளரும் இருப்பார்கள். ஆனால் நீந்துபவர் படகைத் தொடக் கூடாது, படகில் இருப்பவரும் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் போச்சு. ஆகாரத்தைக் கோலிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுவார்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெற்ற அப்பா நின்றாலும் பிள்ளையைத் தூக்க முடியாது! துணை இருக்கிறது, தொட முடியாது. அந்த ஒரு முழ இடைவெளியைப் படமெடுக்க யாருக்காவது கை துறுதுறுக்க வேண்டாமா?

பாக் நீரிணையை முதலில் நீந்தியவர் யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றின் மு. நவரத்தினசாமி, 1954-ல். அதே கரையின் வல்வெட்டித்துறைக்காரர் வி.எஸ். குமார் ஆனந்தன், ஆழிக்குமரன் என்றே பெயர். 1971-ல் அந்த நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பினார், சுமார் 51 மணி நேரம்! குத்துப் பந்தை 136 மணி நேரம் குத்திக்கொண்டே இருந்த சாதனையும் அவருடையதுதான். படிப்பால் வழக்கறிஞர். 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியிலேயே உயிர் விட்டார். 2022 மார்ச்சில் அதே நீரிணையைத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை நீந்தி வந்த ஜியா ராய்க்கு வயது 13. ஆட்டிசம் உள்ள சிறுமி. நேரம் 13 மணி 10 நிமிடம். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பேச்சு அவ்வளவாக வராத பிள்ளையின் கதையை எந்தக் குரலில் சொல்வது? மேலே ஒரு கம்பீரக் குரலை ஓட்டிவிடலாம், அது சுலபம். தண்ணீரின் சத்தத்தையும் அவள் மூச்சையும் மட்டும் விட்டுவைக்கிற இயக்குநர் யாராவது வர மாட்டாரா என்று ஏங்குகிறேன்.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு மறுபடி நம் தெருவுக்கே வந்தால், அங்கேதான் மிகப் பெரிய அதிசயம் ஒரு பலகைமேல் கிடக்கிறது. கேரம்! ஒற்றையர் ஆட்டத்தில் உதவிக்கு மூலையில் ஆள் கிடையாது. ஒரு விரல், 15 கிராமுக்கு மிகாத ஒரு ஸ்ட்ரைக்கர், ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, நடுவில் ஒரு ரெட். பலகையின் ஆடுபரப்பு ஒரு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். அந்த இடத்துக்குள்ளிருந்து எத்தனை உலக சாம்பியன்கள் வந்திருக்கிறார்கள் தெரியுமா?

முதல் பெயர் மரிய இருதயம். இரண்டு முறை உலக சாம்பியன், ஒன்பது முறை தேசிய சாம்பியன். கேரம் ஆடி அர்ஜுனா விருது வாங்கிய முதல் மனிதர், 1996-க்கான விருது. அடுத்து வியாசர்பாடியின் இளவழகி. மூன்று சக்கர வண்டி மிதித்த அப்பாவின் மகள். 2008-ல் பிரான்சின் கான் நகரத்தில் உலக சாம்பியன் ஆனார். சினிமாக்காரர்கள் சிவப்புக் கம்பளத்தில் நடப்பார்களே, அதே கான் நகரம்! வியாசர்பாடிப் பெண் ஒருவர் அங்கே போய் நடிக்கவில்லை, ஜெயித்துவிட்டு வந்தார். அப்புறம் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா. ஆட்டோ ஓட்டும் அப்பாவே பயிற்சியாளர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம். வயது 17! தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

ஒருவர் கிறிஸ்தவப் பெயர்க்காரர், ஒருவர் செந்தமிழ்ப் பெயர்க்காரர், ஒருவர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. யாரும் உட்கார்ந்து விகிதாசாரம் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. தெருவில் போர்டைப் போட்டார்கள், தெருவில் இருந்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். 2018-ல் வெற்றிமாறனின் ‘வடசென்னை’ படத்து நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரன் என்று வந்தபோது வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்தப் படத்திலும் கேரம் போய்ச் சேர்ந்த இடம் ஜெயில். வடசென்னை என்றால் கத்தி என்ற சித்திரத்துக்குள் கேரமும் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே, அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றவள் வீட்டுச் சமையலறையைக் காட்டும் ஒரு படமும் வர வேண்டும் என்று நான் கேட்பது பேராசையா? அந்தப் படத்தின் கேமராவைச் செரியன் நகரிலோ காசிமேட்டிலோ பிறந்த ஒரு பெண்ணே தோளில் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்பேன். அந்த நார்வேப் பெண்கள் இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அதற்காகக் கடனிலேயே காலம் தள்ள முடியாது.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு, யானைக்கவுனிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் நின்றேன். நூறு வாட்ஸ் பல்பு ஒன்று போர்டுக்கு ஒரு முழம் மேலே தொங்கியது, அட்டையைச் சுருட்டி அதற்குத் தொப்பி போட்டிருந்தார்கள். பிளஸ் டூ படிக்கிற வயசில் ஒரு பெண், எதிரே மாமா வயசில் ஒருவர். போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். பாக்கெட்டுக்கு நாலு விரல்கடை தள்ளி ரெட் நின்றது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். டக். ரெட் விழுந்தது.

“அக்கா, ரெட்டு போட்டுட்ட, ஃபாலோ எங்க?” என்றான் டவுசர் போட்ட ஒரு பொடியன், போர்டு விளிம்பில் தாடையை வைத்தபடி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. எதிர் மூலையில் இரண்டு கறுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காயைப் போடவில்லை என்றால் ரெட் திரும்ப நடுவுக்குப் போய்விடும். மாமா பல்பைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்திவிட்டார்.